நம்பிக்கை நீங்கிய யாத்திரை: சந்தியாகோப் பாதை எழுப்பும் அறவியல் வினா

மனிதனுடைய செயல்கள் பலவற்றுக்குப் புறவடிவம் ஒன்றும் உட்பொருள் ஒன்றும் உண்டு. கைகூப்புதல் புறவடிவம், வணக்கம் அதன் உட்பொருள். இவ்விரண்டும் பெரும்பாலும் இணைந்தே காணப்படுவதால், அவற்றைப் பிரித்து நோக்கவேண்டிய தேவை அன்றாட வாழ்விலே எழுவதில்லை. ஆயின், வரலாற்றின் நீண்ட போக்கில் உட்பொருள் தேய்ந்தொழியப் புறவடிவம் மட்டும் எஞ்சி நிற்பதும், எஞ்சிய வடிவத்தினுள்ளே புதியதொரு பொருள் வந்து குடியேறுவதும் உண்டு. கோயிற் சடங்காயிருந்த ஆடல் அரங்கக் கலையாகின்றது; வழிபாட்டுக்கெனச் செதுக்கப்பட்ட சிலை நூதனசாலையிலே வைக்கப்படுகின்றது. இத்தகைய மாற்றம் நேர்ந்த பின்னரும் செயல் அதே செயல்தானா? பழைய பொருளை ஏற்காதவர் பழைய வடிவத்தைக் கையாளுதல் முறையாகுமா? முறையாகுமெனின் எத்தகைய கடப்பாட்டுடன் அவர் அதனைக் கையாளவேண்டும்? இவ்வினாக்களை ஆராய்வதற்கு ஸ்பெயின் நாட்டின் வடபகுதியைக் கிழக்கிலிருந்து மேற்காகக் கடந்து செல்லும் யாத்திரைப் பாதையொன்று தக்க எடுத்துக்காட்டாக அமைகின்றது.

அப்பாதை கலீசியாப் பிரதேசத்திலுள்ள சந்தியாகோ தே கொம்பொஸ்தெலா என்னும் நகரிலே முடிவடைகின்றது. இயேசுவின் பன்னிரு சீடருள் ஒருவரான யாகப்பரின் கல்லறை அங்குள்ளதென்பது கத்தோலிக்க மரபு. கி.பி. 44ஐ அண்டி, ஏரோது அகிரிப்பாவின் ஆணையால் யாகப்பர் வாளுக்கிரையானார் என்பதனை விவிலியம் கூறும். அவருடைய உடலைச் சீடர் படகேற்றிக் கலீசியாவுக்குக் கொணர்ந்தனர் என்பது பிற்கால ஐதீகம். 9ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், அஸ்தூரியாஸ் மன்னன் 2ஆம் அல்போன்சோ ஆண்ட காலத்தில் (791 - 842), துறவியொருவர் கண்ட ஒளியைப் பின்பற்றிச் சென்ற தெயோதெமிரோ என்னும் மேற்றிராணியார் அக்கல்லறையைக் கண்டுபிடித்தார் என்பர். 1955இற் பேராலயத்தின் அடியில் நிகழ்ந்த அகழ்வின்போது, 847இல் இறந்த தெயோதெமிரோவின் கல்லறைக்கல் வெளிப்பட்டது. கண்டுபிடித்தவராகக் கூறப்படுபவர் வரலாற்று மனிதரே என்பதனை அக்கல் நிறுவிற்று. கண்டுபிடிக்கப்பட்டது யாகப்பரின் உடலே என்பதனை அது நிறுவவில்லை. இவ்வேறுபாட்டை மனத்திற்கொள்ளுதல் அவசியமாகும்.

கல்லறை பற்றிய செய்தி பரவியதும் மக்கள் வரத் தொடங்கினர். 950 - 951இலே பிரான்சின் லெ புய் நகர மேற்றிராணியார் கோதெஸ்கால்க் அங்கு யாத்திரை செய்தமை எழுத்திற் பதிவாகியுள்ளது. 1075இல் இன்றைய பேராலயத்தின் கட்டுவேலை தொடங்கிற்று. 1188இல் மத்தேயோ என்னும் சிற்பி அதன் மேற்கு வாயிலின் விட்டத்தைப் பொருத்தினார். 12ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எழுந்த 'கலிக்ஸ்தீனுஸ் ஏடு' என்னும் தொகுப்பின் ஐந்தாம் நூல் யாத்திரிகருக்கான வழிகாட்டியாகும். தூர், வெசெலே, லெ புய், ஆர்ல் என்னும் இடங்களிலிருந்து பிரான்சினூடாக வரும் நான்கு வழிகள் பிரனீஸ் மலையைக் கடந்து, புவெந்தே லா ரெய்னாவில் ஒன்றாதலை அது விவரிக்கின்றது. மலையின் பிரெஞ்சுப் பக்கத்து அடிவாரத்திலிருந்து சந்தியாகோ வரை ஏறத்தாழ 780 கிலோமீற்றர். குடிக்கத்தகாத ஆறுகள் எவை, வஞ்சிக்கும் தோணிக்காரர் எங்குள்ளனர், எவ்வூரில் நல்ல அப்பம் கிடைக்கும் என்பனவெல்லாம் அந்நூலிலே கூறப்பட்டுள்ளன. விண்ணுலகை நாடிச் சென்றவருக்கும் மண்ணுலகின் தேவைகள் இருந்தன என்பதற்கு அது சான்று.

இப்பாதையின் பொருள் தொடக்கத்திலேனும் ஒன்றாயிருந்ததா என வினவுமிடத்து, இல்லையென்றே விடையிறுத்தல் வேண்டும். யாகப்பருக்கு இரு உருவங்கள் அமைந்தன. ஒன்று, தடியும் சிப்பி பதித்த தொப்பியும் கொண்ட யாத்திரிகர். மற்றொன்று, வெண்குதிரை மீதமர்ந்து வாளோங்கி மூர்களை வீழ்த்தும் போர்வீரர். 844இல் நிகழ்ந்ததெனப்படும் கிளாவிகோப் போர் கற்பனையென வரலாற்றாசிரியர் கொள்வர். எனினும் அதிலே தோன்றியதாகக் கூறப்படும் குதிரைவீரர் இஸ்லாமிய அரசுகளுக்கெதிரான போர்களின் கொடியானார். 997இல் அல்மன்சூர் சந்தியாகோவைச் சூறையாடிப் பேராலய மணிகளைக் கிறிஸ்தவக் கைதிகளின் தோள்களிலே கொர்தோபாவுக்குக் கொண்டுசென்றான் என்றும், 1236இல் கொர்தோபாவைக் கைப்பற்றிய 3ஆம் பெர்னாந்தோ அவற்றை முஸ்லிம் கைதிகளின் தோள்களிலே திருப்பியனுப்பினான் என்றும் கூறுவர். பின்னர் அக்குதிரைவீரர் கடல் கடந்தும் சென்றார். போர்த்துக்கேயரின் வருகையோடு யாழ்ப்பாணத்திலே வேரூன்றிய யாகப்பர் வழிபாடு, 17ஆம் நூற்றாண்டிற் பேதுறுப் புலவரின் 'சந்தியோகுமையோர் அம்மானை' தோன்றக் காரணமாயிற்று. பெரிய யாகப்பர் எனப் பொருள்படும் போர்த்துக்கேயத் தொடரே அந்நூற்பெயரிலே தமிழொலி பெற்று நிற்கின்றது.

மத்திய காலத்தின் முடிவோடு பாதையின் சிறப்பும் குன்றியது. புனிதப் பண்டங்களைத் தேடியலைவதனை எராஸ்மஸ் எள்ளிநகையாடினார். சந்தியாகோவிலே புதைக்கப்பட்டிருப்பது யாதென எவருக்குமே தெரியாதெனக் கூறி, அங்கு செல்லவேண்டாமென லூதர் போதித்தார். 1589இல் ஆங்கிலத் தளபதி திறேக் அண்மைத் துறைமுகமான லா கொருஞ்ஞாவைத் தாக்கியபோது, கல்லறையிலிருந்த எலும்புகள் மறைக்கப்பட்டன; மறைவிடம் காலப்போக்கில் மறக்கப்பட்டது. யாத்திரிகர் வேடத்திலே திரிந்த கள்வரைக் கட்டுப்படுத்தும் பொருட்டு 1590இல் 2ஆம் பிலிப் மன்னன் ஸ்பானியர் யாத்திரிகர் உடை அணிதலைத் தடைசெய்தான். 1671இற் பிரெஞ்சு மன்னன் 14ஆம் லூயி, அனுமதியின்றிப் பிறநாடுகளுக்கு யாத்திரை செல்வதனைத் தண்டனைக்குரியதாக்கினான். 1879இல் எலும்புகள் மீண்டும் கண்டெடுக்கப்பட்டன. 1884இற் பாப்பரசர் 13ஆம் லியோ அவை உண்மையானவை என அறிவித்தார். ஆயினும் பழைய கூட்டம் திரும்பவில்லை. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே நெடுந்தூரம் நடந்து அங்கு சென்றோர் மிகச் சிலரே.

இந்நிலையை மாற்றியோருள் ஒ செப்ரெய்றோ என்னும் மலைக்கிராமத்தின் பங்குக்குரு எலியாஸ் வாலிஞ்ஞா முதன்மையானவர். பாதை பற்றி ஆய்வுசெய்து கலாநிதிப் பட்டம் பெற்ற அவர், 1980களிலே மஞ்சள் வர்ணச் சாயத்தை எடுத்துக்கொண்டு மரங்களிலும் சுவர்களிலும் கற்களிலும் அம்புக்குறிகளை வரைந்து சென்றார். 1987இல் ஐரோப்பிய அவை இதனைத் தனது முதலாவது பண்பாட்டுப் பாதையாக அறிவித்தது. 1993இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. 1986இல் யாத்திரையை நிறைவேற்றியதற்கான பத்திரம் பெற்றோர் 2,500க்கும் குறைவானவர்கள். 2019இல் அத்தொகை ஏறத்தாழ 347,000 ஆகவும், 2024இல் ஐந்து இலட்சத்தை அண்டியதாகவும் உயர்ந்தது. ஐரோப்பாவிலே ஆலயங்களுக்குச் செல்வோர் தொகை வீழ்ந்துவந்த அதே காலத்தில், ஆலயமொன்றை நோக்கி நடப்போர் தொகை இவ்வாறு பெருகியமை சிந்தனைக்குரியது. இவர்களுட் பலர் நெடுநடையை விரும்பும் மலையேறிகள். பலர் உல்லாசப் பிரயாணிகள். தொழிலை இழந்தோர், மணமுறிவு கண்டோர், அன்புக்குரியவரைப் பறிகொடுத்தோர் வேறு பலர். கல்லறையிலே யாகப்பர் உள்ளார் என்பதனை இவர்களிற் பெரும்பாலோர் ஒரு பொருட்டாகக் கருதுவதில்லை.

நெடுநடையாளர் ஒவ்வொருவரும் ஈற்றிற் பேராலய அலுவலகத்திலே ஒரு வினாவை எதிர்நோக்குகின்றனர். குறைந்தது 100 கிலோமீற்றர் நடந்தோ குதிரையிற் சென்றோ, அன்றேல் 200 கிலோமீற்றர் துவிச்சக்கரவண்டியிற் சென்றோ வந்தவர், வழிநெடுகப் பெற்ற முத்திரைகளைக் காட்டியதும், வந்த நோக்கம் யாதென அங்கு கேட்கப்படுகின்றது. சமயம், சமயமும் பிறவும், சமயம் சாராதது என்னும் மூவகையுள் ஒன்றை அவர் கூறுதல் வேண்டும். சமய நோக்கமோ ஆன்மிகத் தேடலோ உடையவருக்கு, பக்தியின் பொருட்டு வந்தார் என்று சான்றுபகரும் இலத்தீன் பத்திரம் கிடைக்கும். ஏனையோருக்கு வேறொரு பத்திரம் உண்டு. 2019இல் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கினரே சமயம் சாராத நோக்கத்தைக் கூறினர். ஐரோப்பாவின் இன்றைய சமயநிலையை அறிந்தோருக்கு இது வியப்பளிக்கலாம். அழகிய இலத்தீன் பத்திரத்தை விரும்பிச் சிலர் பொய் கூறியிருக்கலாம். ஆனால் அதனைவிட ஆழ்ந்த இடர்ப்பாடொன்று உண்டு. முப்பது நாள் நடந்து வந்தவருக்குத் தாம் ஏன் நடந்தார் என்பது தெளிவாகத் தெரியாமலிருத்தல் கூடும். தெரியாததொன்றைப் பற்றிப் பெறப்படும் வாக்குமூலத்தால் ஒரு செயலின் தன்மையை வரையறுக்க முடியுமா?

இது தொடர்பாக இருவேறு நிலைப்பாடுகள் முன்வைக்கப்படுவதுண்டு. நம்பிக்கையில்லாதவன் எத்துணைத் தூரம் நடப்பினும் அது யாத்திரையாகாது என்பது முதலாவது நிலைப்பாடு. இதனைக் குறுகிய மனப்பான்மையென எளிதில் ஒதுக்கிவிடலாகாது. ஒருவர் தம் தாயின் கல்லறைக்குச் செல்கின்றார். இன்னொருவர் அக்கல்லறை அமைந்துள்ள குன்றின் காட்சியை விரும்பி அதே வழியாகச் செல்கின்றார். இருவர் கால்களும் ஒரே பாதையில் நடந்தாலும் இருவரும் செய்வது ஒரே செயலன்று. காட்சி காணச் சென்றவர் தம்மையும் அஞ்சலி செலுத்த வந்தவரெனக் கூறிக்கொள்வாராயின் மகனுக்கு உண்டாகும் மனவருத்தம் நியாயமானதே. நம்பிக்கையுடையோர், தம் பாதை பிறரால் நிரம்பி வழிவதைக் காணுகையில் அடையும் வருத்தமும் இத்தன்மையதே.

இந்நிலைப்பாட்டுக்கு மெய்யியல் வலிமையளித்தவர் இப்பாதையின் பொற்காலத்திலேயே வாழ்ந்த பீற்றர் அபெலார்ட் (1079 - 1142) ஆவார். யாத்திரிகரின் வழிகாட்டி தொகுக்கப்பட்ட அதே தலைமுறையில், 'உன்னையே அறிவாய்' என்னும் பெயருடைய அறவியல் நூலிலே, செயலின் நன்மை தீமையை நிர்ணயிப்பது செய்பவனின் உட்கருத்தே என அவர் வாதிட்டார். ஒரே குற்றவாளியை இருவர் தூக்கிலிடுகின்றனர். ஒருவன் நீதியின் பொருட்டு, மற்றவன் பழைய பகையால். செயல் ஒன்று, அறம் வேறு. வறியோருக்கு இல்லம் அமைக்க இருவர் எண்ணுகின்றனர், ஒருவன் அமைக்கின்றான், மற்றவனின் பணம் களவுபோகின்றது. கடவுள் முன்னிலையில் இரண்டாமவனின் தகுதி குறைவதில்லை. அபெலார்ட்டின் கருத்துகள் பல கண்டனத்துக்குள்ளாயின. எனினும் பாதையின் வழக்கமொன்று அவரோடு ஒத்திசைகின்றது. வியாபிராங்கா தெல் பியேர்சோ என்னும் ஊரிலுள்ள யாகப்பர் ஆலயத்துக்கு 'மன்னிப்பின் வாயில்' உண்டு. நோயினால் மேலே செல்ல இயலாத யாத்திரிகர் அவ்வாயிலை அடைந்தாலே சந்தியாகோவை அடைந்தவர் பெறும் அருளைப் பெறுவர் என்பது மரபு. கால்கள் தளர்ந்தவிடத்தே உள்ளம் பயணத்தை முடித்ததாக அங்கு கொள்ளப்பட்டது.

எனினும் மத்திய காலத்தின் நடைமுறை முழுவதையும் நோக்குமிடத்து, உட்கருத்தே யாத்திரை என்னும் கொள்கை நிலைபெறவில்லை. 13ஆம் நூற்றாண்டிலே காஸ்தீலிய மன்னன் 10ஆம் அல்போன்சோ தொகுப்பித்த சட்டநூல், யாத்திரையைச் சொந்த விருப்பத்தால் செல்வது, நேர்த்திக்கடனால் செல்வது, விதிக்கப்பட்ட தவத்தால் செல்வது என மூவகைப்படுத்துகின்றது. மூன்றாம் வகை விருப்பத்தின் பாற்பட்டதன்று. தென் பிரான்சின் சமய விசாரணை மன்றங்கள் பேதகக் கொள்கையினரைச் சந்தியாகோவுக்கு நடக்குமாறு பணித்தன. பிளாண்டர்ஸ் நகர நீதிமன்றங்கள் அடிதடிக்கும் கொலைக்கும் யாத்திரையைத் தண்டனையாக விதித்தன. செல்வர் சிலர் தம் இறுதி விருப்பாவணத்திலே பணம் ஒதுக்கித் தமக்காக வேறொருவரை நடக்கச்செய்தனர். வணிகரும் ஊர்சுற்றிகளும் கடனுக்கஞ்சி ஓடியோரும் அதே பாதையிற் சென்றனர். எனவே, தூய பக்தியுடன் நடந்த பண்டைய யாத்திரிகரையும் பக்தியின்றி நடக்கும் இன்றைய நடையாளரையும் எதிரெதிரே நிறுத்துதல் வரலாற்றுக்குப் பொருந்தாது. நோக்கங்களின் கலப்பு அன்றும் இருந்தது. அன்று பக்தி கூறாதவன் இல்லை. இன்று கூறாமலிருக்க உரிமையுண்டு என்பதே பெரிய வேறுபாடு.

இரண்டாவது நிலைப்பாடு இதற்கு நேர்மாறானது. உட்கருத்து எதுவாயினும் நடத்தலே நடப்பவரை யாத்திரிகராக்கும் என்பது அதன் சாரம். நீதியான செயல்களைச் செய்வதனாலேயே மனிதன் நீதிமானாகின்றான் என்ற அரிஸ்டோட்டில் இக்கொள்கைக்குத் துணைநிற்பார். நம்ப விரும்பியும் நம்ப இயலாதவர், நம்புவோர் செய்பவற்றைச் செய்யத் தொடங்கட்டும் என்ற 17ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு அறிஞர் பஸ்காலையும் இப்பக்கத்திற் சேர்க்கலாம். உடலின் பழக்கம் உள்ளத்தைப் பயிற்றும் என்பது இருவருக்கும் பொதுவான கருத்து. ஒருவர் தமக்கு வேண்டியவற்றையெல்லாம் முதுகிற் சுமந்து நடக்கத் தொடங்கி மூன்றாம் நாளிலேயே, வேண்டியவை எவ்வளவு சிலவென்பதைக் கற்கின்றார். கொப்புளம் கண்ட பாதமும் அடுத்த கிராமத்தின் குடிநீர்க் குழாயும் பட்டத்தையும் பதவியையும் மறக்கச் செய்கின்றன. பொன்செபதோன் அருகே, ஏறத்தாழ 1,500 மீற்றர் உயரத்தில் நிற்கும் இரும்புச் சிலுவையின் அடியிலே நடையாளர் தம் ஊரிலிருந்து கொணர்ந்த கல்லை இட்டுச் செல்வர். நம்பிக்கையற்றவரும் அக்கல்லை விளையாட்டாக இடுவதில்லை.

இக்கொள்கையில் உண்மை உண்டு. ஆயினும் குறையும் உண்டு. நடத்தலே போதுமாயின் எந்த மலைப்பாதையும் இப்பணியைச் செய்யும், சந்தியாகோ தேவையில்லை. மேலும், தன்னைத் தான் கண்டடைதல் என்னும் குறிக்கோள் நடையாளரின் பார்வையை அவர்மீதே குவிக்கின்றது. அவர் கடந்து செல்லும் கிராமம், அங்கு வற்றிப்போன பாடசாலை, முதியோர் மட்டும் எஞ்சிய வீடுகள், கோதுமை வயலிலே உழைப்பவர் ஆகிய யாவும் அவருடைய உள்ளப் பயணத்துக்குப் பின்திரையாகிவிடலாம். அறவியல் நோக்கில் இது சிறிய தீங்கன்று. பிறர் வாழும் இடத்தைத் தன் மனநலத்துக்கான கருவியாக மட்டும் கொள்பவர், எத்துணைப் பணிவுடன் நடப்பினும், அவ்விடத்துக்குரிய மனிதரைக் காணத் தவறியவராவார்.

இரு நிலைப்பாடுகளுக்கும் பொதுவானதொரு குறையை இங்கு சுட்டுதல் தகும். முதலாவது, நடப்பவரின் நம்பிக்கையை நோக்குகின்றது. இரண்டாவது, நடப்பவரின் மாற்றத்தை நோக்குகின்றது. இரண்டுமே நடப்பவரை மட்டும் நோக்குகின்றன. ஆனால் யாத்திரை ஒருபோதும் தனியொருவரின் செயலாக இருந்ததில்லை. யாரோ பாலம் கட்டினர். யாரோ கூழ் காய்ச்சினர். வழியில் இறந்தவரை யாரோ அடக்கம் செய்தனர். 1109இல் இறந்த தொமிங்கோ என்பவர், மடங்களில் இடம் கிடைக்காத நிலையில், காட்டை வெட்டித் தெரு அமைத்தும் ஆற்றுக்குப் பாலமிட்டும் யாத்திரிகருக்கு மருத்துவ இல்லம் நிறுவியும் தம் வாழ்நாளைக் கழித்தார். அவர் வாழ்ந்த ஊர், தெருவமைத்த தொமிங்கோவின் பெயராலேயே இன்றும் வழங்குகின்றது. அவர் சந்தியாகோவை அடைந்தாரா என்பது எவருக்கும் முக்கியமானதாகத் தோன்றவில்லை. பிறர் அடைவதற்கு அவர் வழிசெய்தார்.

12ஆம் நூற்றாண்டு வழிகாட்டியின் இறுதி அத்தியாயமும் இக்கருத்தையே வலியுறுத்துகின்றது. சந்தியாகோ செல்வோரும் மீள்வோரும் செல்வராயினும் வறியராயினும் அன்புடன் வரவேற்கப்படவேண்டுமெனக் கூறும் அந்நூல், வரவேற்காதோர் அடைந்த தண்டனைகளைக் கதைகளாகத் தருகின்றது. யாத்திரிகனுக்கு அப்பம் மறுத்த நெசவாளனின் துணி கிழிந்து வீழ்ந்தது; சாம்பலடியிலே வேகும் அப்பத்தை மறைத்துப் பொய் கூறியவளின் அப்பம் கல்லானது; புவாத்தியே நகரில் இருவருக்கு இடமளிக்க மறுத்த வீடுகள் யாவும் எரிய, இடமளித்த ஒரு வீடு மட்டும் தப்பியது. அந்த யாத்திரிகர் உண்மையான பக்தரா என்னும் ஐயத்துக்குக் கதைகளில் இடமில்லை. பசித்தவர் வந்தார் என்பதே போதுமானது. பிரனீஸ் மலைக்கணவாயிலுள்ள றொன்செஸ்வாயெஸ் மருத்துவ இல்லத்தைப் போற்றும் பழைய இலத்தீன் செய்யுளொன்று, கத்தோலிக்கருக்கு மட்டுமன்றிப் பிற சமயத்தாருக்கும் பேதகருக்கும் வீணருக்குங்கூட அதன் கதவு திறந்திருந்ததாகக் கூறும். பனிமலையில் வந்து சேர்ந்தவரிடம் அக்கதவு கேட்டது, அவருக்கு என்ன வேண்டும் என்பதே. அவர் ஏன் வந்தார் என்பதன்று.

இங்கு யாத்திரையின் உட்பொருளை வேறொரு வகையில் வரையறுக்க இடமுண்டாகின்றது. தன்னால் ஈடுசெய்ய முடியாத கொடையொன்றைப் பெற்றவராகத் தம்மை அறிந்து நடப்பவரே யாத்திரிகர். பாலம் கட்டியவருக்குக் கைம்மாறு செய்ய வழியில்லை. அவர் இறந்து தொளாயிரம் ஆண்டுகள் கடந்துவிட்டன. மஞ்சள் அம்பை வரைந்த குருவானவர் 1989இல் மறைந்தார். எனவே கொடுத்தவருக்கன்றிப் பின்வருபவருக்கே அக்கடன் திருப்பிச் செலுத்தப்படவேண்டும். இது வெறும் உவமையன்று; நடைமுறையிலே காணப்படுவது. முன்னர் நடந்தவர்கள் மீண்டும் வந்து, இரண்டு வாரமளவுக்கு ஊதியமின்றித் தங்குமடங்களில் அறைகளைப் பெருக்கியும் சமைத்தும் காயங்களுக்கு மருந்திட்டும் பணிபுரிகின்றனர். அவர்களுட் சமயப் பற்றுடையோரும் உளர், அற்றோரும் உளர். கிரான்யோன் என்னும் சிற்றூரின் ஆலயத்தோடு இணைந்த மடத்திலே கட்டணம் இல்லை; பணப்பெட்டி திறந்தே கிடக்கின்றது. இயன்றவர் இடலாம், இல்லாதவர் எடுக்கலாம். அப்பெட்டியின் முன் நிற்பவர் எவரும் தமது நோக்கத்தை விளக்கவேண்டியதில்லை. ஆனால் அவர் எத்தகையவர் என்பது அங்கு தெரிந்துவிடுகின்றது.

இதற்கெதிராக நம்பிக்கையுடையவர் எழுப்பக்கூடிய தடை வலிமையானது. விருந்தோம்பலே யாத்திரையின் உயிரெனின், அவ்விருந்தோம்பல் எங்கிருந்து பிறந்தது? அந்நியரை வரவேற்றவர் தம்மையே வரவேற்றார் என்னும் கிறிஸ்துவின் போதனையை நம்பியவரே அம்மருத்துவ இல்லங்களைக் கட்டினர். வேர் பட்டபின் கனி எத்தனை பருவங்களுக்குக் கிடைக்கும்? இவ்வினாவைத் தட்டிக்கழித்தல் நேர்மையன்று. அதன் நியாயத்தைக் காட்டும் சான்றுகள் பாதையிலேயே உள்ளன. கத்தோலிக்க மன்னர் எனப்பட்ட இசபெல்லாவும் பெர்னாந்தோவும் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே பேராலயத்தின் அருகே யாத்திரிகருக்கெனக் கட்டுவித்த பெரிய மருத்துவ இல்லம் 1954 முதல் ஆடம்பர விடுதியாக இயங்குகின்றது. பொதிகளை ஊருக்கு ஊர் வாகனத்திற் கொண்டுசெல்லும் சேவை, முன்பதிவு செய்யப்படும் படுக்கைகள் என யாவும் வணிகமாகியுள்ளன. பத்திரத்துக்கு வேண்டிய கடைசித் தூரத்தை மட்டும் நடக்கும் பொருட்டு, 2019இலே நான்கில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் சாரியா என்னும் ஊரிலிருந்தே தொடங்கினர். சந்தியாகோவின் பழைய நகரிலே குடியிருப்போர் குறைந்து பிரயாணிகளின் தங்குமிடங்கள் பெருகுவதையிட்டு நகரவாசிகள் முறையிடுகின்றனர்.

ஆயினும் இதிலிருந்து நம்பிக்கை இருந்தாற் போதும் என்னும் முடிவும் பெறப்படாது. வாளேந்திய குதிரைவீரரை வணங்கியோர் நம்பிக்கையிற் குறைந்தவரல்லர். மணிகளைக் கைதிகளின் தோளிலேற்றிய அல்மன்சூரும் பெர்னாந்தோவும் தத்தம் சமயத்திலே உறுதியானவர்களே. மணியைச் சுமந்து ஐபீரியத் தீபகற்பத்தின் குறுக்கே நடந்த அக்கைதிகளும் ஒருவகையில் இப்பாதையிலே நடந்தவர்கள். அவர்களிடம் எவரும் நோக்கம் கேட்கவில்லை. அவர்களை நினைக்கும்போது, பக்தியின் ஆழம் மட்டுமே ஒரு பயணத்தை நல்லதாக்கிவிடும் எனக் கூற முடியாதென்பது புலப்படும். 20ஆம் நூற்றாண்டிலும் பிராங்கோவின் ஆட்சி யாகப்பரைத் தன் வெற்றியின் காவலராக உயர்த்தியது. விருந்தளித்த நம்பிக்கையும் வாளோங்கிய நம்பிக்கையும் ஒரே பெயரைச் சொல்லின. அவற்றைப் பிரித்தறிய நம்பிக்கைக்கு வெளியேயுள்ள ஓர் அளவுகோல் வேண்டும். அந்நியரை நடத்தும் முறையே அவ்வளவுகோல்.

கல்லறையின் உண்மை பற்றிய வினா இனி நோக்கற்பாலது. அங்குள்ள எலும்புகள் யாகப்பருடையவை அல்லவாயின் ஆயிரத்திருநூறு ஆண்டு நடையும் வீணாகுமா? பசித்தவர் உண்ட அப்பம் உண்மையானது. எலும்பு யாருடையதாயினும் அவ்வப்பம் பொய்யாவதில்லை. எனினும் இதனைக் கொண்டு உண்மையே தேவையில்லையென முடித்தல் தவறு. அப்போஸ்தலரின் அருகே நிற்பதாக எண்ணிக் கண்ணீர் விடுபவருக்கு அவர் எங்கே நிற்கின்றார் என்பது முக்கியமானது. வரலாற்றாசிரியர் தம் ஐயத்தைக் கூறுதல் அவருக்கு இழைக்கும் அவமதிப்பன்று. அறிவுடையவராக அவரை மதித்தலாகும். நம்பிக்கை ஐயத்தைத் தாங்கி நிற்கலாம். ஐயத்தை அறியாமலிருப்பதனால் அது வலிமை பெறுவதில்லை.

இதுவரை நோக்கியவற்றிலிருந்து சில முடிவுகள் பெறப்படும். நம்பிக்கையற்றவர் இப்பாதையிலே நடத்தல் முறையானதே. பாதை நெடுங்காலமாக எல்லா வகை மனிதரையும் ஏற்றுவந்துள்ளது. ஆனால் அவர் உரிமையாளராக அன்றிக் கடனாளியாகவே நடத்தல் வேண்டும். அக்கடன் மூன்று கடப்பாடுகளாக விரியும். முதலாவது, மெய்ம்மை: பத்திரத்துக்காகப் பக்தியைப் பொய்யாகக் கூறுபவர், தாம் பகிர்ந்துகொள்ளாத நம்பிக்கையையும் அதனை உண்மையாகவே கொண்டவரையும் ஒருங்கே இழிவுபடுத்துகின்றார். இரண்டாவது, அறிவு: தாம் நடக்கும் பாதையை யார் அமைத்தனர், எதன்பொருட்டு அமைத்தனர், அதன்மீது எவர் துன்புற்றனர் என்பதை அறிந்து நடத்தல், தடியை ஏற்று வாளை மறத்தல் தகாது. மூன்றாவது, கையளிப்பு: தமக்காக விடப்பட்டிருந்த நிழலையும் நீரையும் படுக்கையையும் பின்வருபவருக்காக விட்டுச்செல்லுதலும், பாதையோரத்தில் வாழ்பவரின் வாழ்வு தம் வருகையாற் குலையாதவாறு காத்தலும்.

நம்பிக்கையுடையவருக்கும் இங்கு ஒரு கடப்பாடு உண்டு. பாதையை அமைத்தவர் அவருடைய முன்னோர். ஆயின் வரும் யாவருக்கும் கதவைத் திறந்துவைத்தவர்களும் அதே முன்னோரே. அம்முன்னோரின் வழியிலே நிற்க விரும்புபவர், வருபவரின் உள்ளத்தை அளந்து இடமளிக்க முற்படின், அவர் எம்முன்னோரைப் பின்பற்றுகின்றார் என்னும் வினா எழும். அலுவலக மேசையிலே நோக்கம் கேட்கப்படுதல் தவறன்று. பத்திரம் வழங்குவோர் தாம் எதற்குச் சான்றுபகர்கின்றோம் என்பதை அறிய விரும்புதல் இயல்பு. ஆனால் அவ்வினாவுக்கான விடையை, நடந்தவர் அம்மேசைக்கு வரும் முன்னரே வழியிலுள்ளோர் பலர் அறிந்திருப்பர். கிரான்யோனின் பணப்பெட்டியைத் துடைத்துவைப்பவரும், இரவில் வந்த கடைசி நடையாளருக்காகத் தன் படுக்கையை விட்டுக்கொடுத்தவரைக் கண்ட மடத்துப் பணியாளரும், வேலியோரம் நின்று வழி காட்டிய கிழவரும் யாத்திரிகர் எவர் என்பதை அறிவர். செயலின் உட்பொருள் செய்பவரின் உள்ளத்தில் மட்டும் உறைவதன்று; அச்செயலைப் பெற்றுக்கொண்டவரிடத்தும் அது தங்கியிருக்கின்றது. பழைய வடிவத்தை ஏந்தும் புதியவரை மதிப்பிட வேண்டுமாயின் அவர்களிடமே கேட்டல் தகும்.